கடைசி ஆள் வைக்கிற வரைக்கும்

அக்கா,

இன்று காலை மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது, கிளிப் டப்பாவின் அடியில் உன் மஞ்சள் கிளிப் கிடைத்தது. ஸ்பிரிங் நழுவாமலிருக்கச் சிவப்பு நூல் சுற்றி வைத்திருப்பாயே, அதேதான். என் வீட்டுக்கு எப்படி வந்ததோ தெரியவில்லை. நீ இருந்திருந்தால் நான் திருடினேன் என்று ஊர் முழுக்கச் சொல்லியிருப்பாய். ஈரப் புடவையைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டேன். இரும்புக் கம்பெனிப் பக்கமிருந்து கரி பறந்து வந்து வெள்ளைத் துணியிலெல்லாம் ஒட்டிக்கொண்டிருந்தது. "இன்னாம்மா, துணி காயப்போட இவ்ளோ நேரமா?" என்று கீழேயிருந்து என் மகள் கத்தினாள். நான் அந்த ஈரப் புடவையிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

துணி கிளிப்பைப் பார்த்து அழுகிறாளே, இவளுக்கு என்ன கேடு என்று பக்கத்து மாடிக்காரி நினைத்திருப்பாள். அந்தக் கிளிப் துணிக்கு வாங்கியதில்லை என்று அவளுக்கு எப்படித் தெரியும்? நம் சர்ச் ஹாலில் அந்த உயரமான ஃபேனைப் போட்டால் பாட்டுத் தாளெல்லாம் பறக்கும். நிறுத்தினால் சிமெண்ட் ஷீட் கூரைக்குக் கீழே வெந்து சாக வேண்டும். பேண்டு மாஸ்டர் தாள் மேல் கல் வை, பேனா வை என்று ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தார். நீதான் கும்மிடிப்பூண்டி பஜாரில் ஒரு அட்டை நிறையக் கிளிப் வாங்கி வந்து ஆளுக்கொன்றாக நீட்டினாய். "இதுக்குப் போயி இத்தனை பேஜாரா?" என்றாய்.

பேண்டு என்று சொன்னாலே கல்யாணத்துக்கு வருவீர்களா, எவ்வளவு வாங்குவீர்கள் என்றுதான் வெளியாட்கள் கேட்பார்கள். கூலிக்கு ஊதுகிற பேண்டா நம்முடையது? இரும்புக் கம்பெனி ஃபர்னஸில் வேகிறவர், வேன் ஓட்டுகிறவர், ரயில்வே கேட்டில் நிற்கிறவர் எல்லாம் சனிக்கிழமை சாயங்காலம் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து ஊதுகிற பேண்டு. ஷிப்டு மாறினால் பாதிப் பேர் வரமாட்டார்கள். வந்தவர்களை வைத்து மாஸ்டர் நடத்துவார். பெண்கள் என்றால் முன் வரிசையில் கிளாரினெட்டோடு நாம் இரண்டு பேர்தான்.

அந்த வரிசைக்கு என்னை இழுத்துப் போனதும் நீதான். பிஸ்கட் கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து வாயில் எதையோ அதக்கிக்கொண்டு வந்தாய்.

"இன்னாக்கா வாயில? பல்லு வலியா?" என்று கேட்டேன்.

"ரீடுடி. இத ஊற வெச்சி மாட்டினாத்தான் கிளாரினெட்டுல சத்தம் வரும். சர்ச் பீரோல இன்னொன்னு சும்மா கீது. ஆம்பளைங்களுக்கு எல்லாம் கார்னெட்டுதான் வேணுமாம். நீ வரியா?"

"எனக்கு இன்னா தெரியும்? நாப்பது வயசாவப் போவுது."

"எனக்கு மட்டும் வயித்துக்குள்ளயே சொல்லிக் குடுத்தாங்களா? பேக்கிங் லைன்ல நாள் பூரா நின்னுக்கினே கீறோம். அங்க நமக்குன்னு ஒரு சேர் போட்டு, 'உக்காரும்மா'ன்றாங்கடி. அதுக்காவது வா."

நான் பாட்டுக்காக வரவில்லை அக்கா, அந்த நாற்காலிக்காகத்தான் வந்தேன். முதலில் என் கிளாரினெட்டிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டால் ஆட்டுக்குட்டி தாயைத் தேடிக்கொண்டு ஹாலுக்குள் வந்திருக்கும். நீ சிரித்துச் சிரித்து ரீடைக் கடித்து உடைத்தாய். பிறகு பஸ்ஸில் தண்ணீர் பாட்டிலை நெஞ்சுக்கு நேரே பிடித்து, எந்த விரலை எப்போது தூக்க வேண்டும் என்று காட்டிக்கொண்டே வருவாய். டிரைவர் கண்ணாடியில் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார்.

நமக்கு நேர் பின்னால் தேவராஜ் அண்ணன். ஃபர்னஸ் இரைச்சலில் கத்திப் பேசிப் பழகிய மனுஷன், கார்னெட்டையும் அப்படியே ஊதுவார். நீ பாட்டுக்கு நடுவிலேயே திரும்புவாய்.

"யோவ் தேவராஜு, எலாவூர்ல கீறவனுக்கா ஊதுற? மெதுவா ஊதுய்யா, காது கிழியுது."

"என் கார்னெட்டுல சவுண்டு கம்மி பண்ற ஸ்விட்சு இல்லம்மா."

எல்லா வாரமும் இதே சண்டைதான். மாஸ்டர் குச்சியைக் கீழே வைத்துவிட்டு நீங்கள் முடிக்கிற வரை காத்திருப்பார்.

அறுப்பின் பண்டிகைக்குத்தான் நமக்கு உண்மையான வேலை. ஜனங்கள் வாழைத்தார், கரும்பு, அரிசி, கோழி என்று கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு வரிசையாகப் பீடத்தடிக்கு வருவார்கள். அதுவரை அந்த மெதுவான பாட்டு போகும். பாட்டு முடிந்தாலும் வரிசை முடியாது. அப்போது கிளாரினெட்டுகள் கடைசிச் சுரத்தை அப்படியே நீட்டிப் பிடிக்க வேண்டும். "கடைசி ஆள் கொண்டாந்து வெக்கிற வரைக்கும் அது அறுந்துறக் கூடாதும்மா. அவங்க ஏழையா இருப்பாங்க, வயசானவங்களா இருப்பாங்க. நடந்து வர்றதுக்குள்ள பாட்டு நின்னுட்டா கூசிப் போயிடுவாங்க" என்பார் மாஸ்டர். நீயும் ஒவ்வொரு வருஷமும் உன் பாத்ரூம் மேல் படர்ந்த கொடியிலிருந்து ஒரு பரங்கிக்காயை உன் வீட்டுக்காரரிடம் கொடுத்து அனுப்புவாய். அவர் அதை வாசலிலேயே யார் கையிலாவது திணித்துவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவார்.

கடைசி ஆள் எப்போது வருவார் என்று யாருக்குத் தெரியும்? ஒருத்தி மூச்சில் அவ்வளவு நேரம் பிடிக்க முடியாது. அதற்கு நீ கண்டுபிடித்ததுதான் கால். வெறுங்காலோடு உட்கார்ந்திருப்போம். உனக்கு மூச்சு வேண்டுமென்றால் உன் கால் என் காலைத் தட்டும். நான் பிடித்துக்கொள்வேன். எனக்கு வேண்டுமென்றால் நான் தட்டுவேன், நீ பிடித்துக்கொள்வாய். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விடக்கூடாது, அவ்வளவுதான் சட்டம். கேட்கிறவர்களுக்கு ஒரே மூச்சாகத்தான் கேட்கும். இது நம் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த ரகசியம் என்று எனக்கு எவ்வளவு பெருமை!

பிறகு உன் கால் அடிக்கடி தட்ட ஆரம்பித்தது. பஸ் படியில் ஏறியதும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாய். ஒரு நாள் ஒத்திகை முடிந்து சர்ச் குழாயடியில் உன்னை மடக்கினேன்.

"இன்னாக்கா, ரெண்டு வரி போறதுக்குள்ள இத்தனை வாட்டி தட்ற?"

நீ முகத்தைக் கழுவிக்கொண்டே சொன்னாய். "இருதயம் வீங்கிக் கீதாம். ஊதுறதெல்லாம் வுட்டுடும்மான்னு டாக்டரு சொல்ட்டாரு."

"அப்ப வுட்டுடு."

"வுட்டுட்டு எங்க போயி உக்கார்றது?"

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. உயிரை விடவா ஒரு பிளாஸ்டிக் நாற்காலி பெரிது என்று கத்தினேன். நீ குழாயை மூடிவிட்டு, "இந்தப் பண்டிகை ஒன்னு ஊதிட்டு வுட்டுடறேன். யார்கிட்டயாவது சொன்னே, செத்தாலும் உங்கூட பேச மாட்டேன்" என்றாய். யாரிடமும் சொல்லவில்லை. இப்போது மட்டும் என்னோடு பேசவா செய்கிறாய்?

கம்பெனி வேலையை விட்டாய். பேண்டை விடவில்லை. போன வருஷப் பண்டிகையன்று உன் நாற்காலியில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தாய், காதோரம் கனகாம்பரம் வேறு. பாட்டு முடிந்து சுரத்தை நீட்டினோம். வரிசையில் கடைசி ஆள் ஒரு சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்த பெரியவர். பீடத்துக்கு நாலடி இருக்கும்போது அந்தச் சேவல் திமிறிக்கொண்டு பெஞ்சுகளுக்குக் கீழே ஓடிவிட்டது. சர்ச் ஐயர் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கம், பெரியவர் ஒரு பக்கம். சர்ச்சே சிரிக்கிறது. நாம் சிரிக்க முடியுமா? அப்போதுதான் உன் கால் தட்டியது. நான் பிடித்துக்கொண்டேன். நீ திரும்பி வருவாய் என்று காத்திருந்தேன். நீ வரவில்லை. என் காலால் தட்டினேன், மறுபடி தட்டினேன். உன் கால் அசையவே இல்லை. ஓரக்கண்ணால் பார்த்தால், கிளாரினெட் உன் உதட்டில்தான் இருக்கிறது, விரல்கள் வைத்த இடத்தில் இருக்கின்றன, மூச்சுதான் இல்லை. எனக்குக் கண் இருட்டியது. எப்படியோ தம் கட்டினேன். சேவல் பீடத்தடிக்கு வந்தபோது சுரம் அறுந்திருக்கவில்லை.

வெளியே வந்ததும் என் தோளில் சாய்ந்து, "நல்லா ஊதுனோம்ல?" என்று கேட்டாய். "சூப்பரா ஊதுனோம்க்கா" என்றேன். உன் உதடு நீலமாக இருந்தது.

கிறிஸ்துமஸ் முடிந்து நீ போய்விட்டாய். உன் அடக்கத்துக்குப் பேண்டு வந்தது. நானும் கிளாரினெட்டைத் தூக்கிக்கொண்டு கல்லறைவரை நடந்தேன். ரீடை வாயில் வைக்கக்கூட இல்லை. அழுகிறவளுக்கு உதடு நிற்காது, உனக்கே தெரியும்.

இந்த வருஷப் பண்டிகை ஒத்திகைக்குப் போனால் முன் வரிசையில் ஒரே ஒரு நாற்காலி. எனக்கு வந்ததே கோபம்.

"இன்னொரு சேர் எங்க?"

"யாருக்கும்மா?" என்றார் மாஸ்டர்.

"யாருக்கா? எங்க அக்காவுக்கு!"

அந்த மனுஷன் தானே ஒன்றைத் தூக்கி வந்து போட்டார். பாட்டு ஆரம்பித்தது. கடைசிச் சுரத்தில் எனக்கு மூச்சு முட்டியது, விட்டேன், சுரம் அறுந்தது. இன்னொரு முறை ஊதினோம், மறுபடி அறுந்தது. கிளாரினெட்டை உன் நாற்காலியில் வைத்துவிட்டேன்.

"இந்தப் பாட்டு வேணாம் மாஸ்டர். நான் ஒருத்தி எப்டிப் புடிப்பேன்? போன வருஷம் ஏதோ தம் கட்டிப் புடிச்சேன். இனிமே என்னால ஆவாது."

பின்னாலிருந்து தேவராஜ் அண்ணன் கனைத்தார். "நீ எங்கம்மா புடிச்ச?"

"இன்னாண்ணா சொல்ற?"

"கோச்சுக்காத. பின்னாடி உக்காந்தா எங்க கண்ணுக்கு வேற இன்னா தெரியும்? சேருக்கு அடியில உங்க ரெண்டு பேரு காலுதான் தெரியும். எப்பத் தட்டுறீங்க, யாரு மூச்சு எடுக்குறீங்க, எல்லாம் பாத்துக்கினுதான் கீறோம். உங்க அக்கா காலு வீங்குனதுலர்ந்து பாத்துக்கினு கீறோம். சேவல் ஓடுன அன்னிக்கி நீ தட்டுன, அது புடிக்கல. நீயும் வுட்டுட்ட. நான் புடிச்சேன்."

"பொய் சொல்லாத. சத்தமே கேக்கலியே."

"கேட்டா அது திட்டும்ல?" என்றார்.

அவ்வளவு பெரிய ஆள் கார்னெட்டை மடியில் வைத்துத் துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கமா, கோபமா, என்னவென்றே சொல்லத் தெரியவில்லை. உன் கால் வீங்கியிருந்ததை நான் பார்க்கவே இல்லை அக்கா. பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு தாளைப் பார்த்தேன், மாஸ்டர் கையைப் பார்த்தேன். பின் வரிசைக்கே தெரிந்திருக்கிறது. உனக்குத் தெரியுமா? "நல்லா ஊதுனோம்ல" என்றாயே, நம் இரண்டு பேரையா சொன்னாய், அவரையும் சேர்த்தா? அதைக் கேட்க இனி யாரிடம் போவேன்?

"நீ காலத் தட்டும்மா. சும்மா தரையில தட்டு. நாங்க பாத்துக்குறோம்" என்றார் அவர்.

போன ஞாயிற்றுக்கிழமை பண்டிகை. வாழைத்தாரெல்லாம் வந்து, கோழிகள் ஒழுங்காக வந்து, பாட்டு முடிந்தது. வரிசை முடிந்துவிட்டது என்று நினைத்தேன். அப்போது வாசலில் உன் வீட்டுக்காரர் தெரிந்தார். சர்ச்சுக்குள் நுழையாத மனுஷன், சட்டையை இன் பண்ணிக்கொண்டு, உன் கொடியின் பரங்கிக்காயை இரண்டு கையாலும் ஏந்தியபடி நடந்து வந்தார். நீ போன பிறகும் அந்தக் கொடிக்கு அவர்தான் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். நேரே பீடத்தடிக்கு வந்தார். வைக்கக் குனிந்தார். வைக்கவில்லை. அப்படியே நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்.

யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை. மாஸ்டர் கையை இறக்கவில்லை. நான் உன் நாற்காலிப் பக்கம் தரையில் காலைத் தட்டினேன். பின்னாலிருந்து அந்தச் சுரம், தேவராஜ் அண்ணன்தானா என்று சந்தேகப்படும்படி அவ்வளவு மெதுவாக வந்து சேர்ந்தது. நான் மூச்சை இழுத்துக்கொண்டு திரும்பி வந்தேன். மறுபடி தட்டினேன். அவர் நின்றார், நாங்கள் பிடித்தோம். ஐயர் பக்கத்தில் போய் அவர் முதுகில் கை வைத்தார். அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் காயைக் கீழே வைத்தார்.

மஞ்சள் கிளிப்பைத் துணிக்குப் போடவில்லை அக்கா, என் கிளாரினெட் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். கம்பெனியில் லைனில் நிற்கும்போதுகூட மூச்சு வாங்கினால் என் கால் தானாகப் பக்கத்தில் தட்டுகிறது. இன்னாடி டான்ஸா என்று கேட்கிறார்கள். சிரித்துவிடுகிறேன்.

அன்றைக்குச் சுரம் அறுந்து போகவே இல்லை. ஒரு இடத்தில்கூட அறவில்லை. நீ இல்லாமலே அறவில்லை அக்கா, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.