நான் வாசிக்காத நோட்டு

ராத்தா,

உங்கள் நோட்டு என் மேசைமேல் இருக்கிறது. பச்சை அட்டை, ஓரமெல்லாம் எண்ணெய்க் கறை. திறந்தால் கிராம்பு வாசம் வருகிறது. இத்தனை நாளும் மசாலா டப்பாக்களுக்கு நடுவில்தான் இருந்ததாம். போன சனிக்கிழமை வழக்கம்போல் உங்கள் மகள் ஹஸீனாவைப் பார்க்கத் தேக்காவில் இருக்கும் உங்கள் வீட்டுக்குப் போனபோது வீடு முழுக்க அட்டைப் பெட்டிகள். பொங்கோலில் உங்கள் கணவரின் தங்கை வீட்டுக்குப் பக்கத்திலேயே இடம் கிடைத்துவிட்டது, அடுத்த வாரம் குடிபோகிறார்கள். பெட்டி கட்டும்போது கிடைத்தது என்று அண்ணன், உங்கள் கணவர்தான், இதை என்னிடம் நீட்டினார். "மகளப் பத்தி எழுதி வச்சிருக்கா. உங்க வேலைக்கு உதவும், டீச்சர்," என்றார்.

வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டேன். அந்த நோட்டை எனக்கு முன்பே தெரியும் என்பது அவருக்குத் தெரிந்திருக்காது.

அதை உங்களுக்கு வாங்கிக் கொடுத்தவள் நான். அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. பிள்ளைகளின் நடத்தையைக் கவனித்து, எண்ணி, காரணம் கண்டுபிடித்து, மாற்றுகிற வேலை. பிஹேவியர் அனலிஸ்ட் என்று பெயர் அட்டையில் போட்டுக்கொள்ள இன்னும் தகுதி வரவில்லை. மூத்தவர் ஒருவரின் கீழ் இத்தனை மணிநேரம் என்று வேலை பார்த்து, அப்புறம் தேர்வு எழுத வேண்டும். முதல் நாள் ஆங் மோ கியோவிலிருந்து பெரிய பையைத் தூக்கிக்கொண்டு வந்து உங்கள் கதவைத் தட்டினேன். "நீங்க டாக்டரா, டீச்சரா?" என்று கேட்டீர்கள். நான் நின்றபடியே கால் மணிநேரம் பிரசங்கம் செய்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப டீச்சர்தான். உக்காருங்க லா," என்றீர்கள். உங்களை மேடம் என்று கூப்பிட்டதற்குச் சிரித்து, தங்கைகள் கூப்பிடுவதுபோல ராத்தா என்றே கூப்பிடச் சொன்னீர்கள். எனக்கு முன்னால் இரண்டு பேர் வந்து, சில மாதங்களில் நின்றுவிட்டார்கள் என்பதையும், அடுத்த ஆளுக்காக ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்ததையும் அன்றே சொன்னீர்கள். நான் அப்படியெல்லாம் போகிறவள் இல்லை என்று பெருமையாகச் சொன்னேன்.

ஹஸீனாவுக்கு அப்போது ஏழு வயது. பேச்சு கிடையாது. மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து உங்கள் வளையல்களைத் தரையில் சுழற்றிவிட்டுக்கொண்டே இருப்பாள். அந்த வருடம்தான் புதிதாக ஒன்று ஆரம்பித்திருந்தது. சாப்பாடு முடிந்து நீங்கள் பாத்திரம் கழுவப் போனதும் கன்னத்தில் முஷ்டியால் குத்திக்கொண்டு அலறுவாள். நீங்கள் சோப்பு நுரைக் கையோடு ஓடிவந்து அவளை நெஞ்சோடு அணைத்துக்கொள்வீர்கள். நான்கு நாள் மூலையில் உட்கார்ந்து எண்ணினேன். நீங்கள் அடுப்படிக்குப் போனால் அலறல், வந்து அணைத்தால் அமைதி. எனக்குச் சந்தேகமே இல்லை. அவள் உங்களைக் கூப்பிடுகிறாள், நீங்கள் போய்ப் போய் அதை வளர்க்கிறீர்கள். அதையே வரைபடமாகப் போட்டு மூத்தவரிடம் காட்டிப் பாராட்டும் வாங்கினேன்.

நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள். "எங்கயாச்சும் வலிக்குமோ, டீச்சர்?" பள்ளிக்கூடத்தில் மருத்துவர் பார்த்தாரா என்று நான் திருப்பிக் கேட்டேன். பார்த்தார், ஆனால் இவள் வாயையே திறக்கவில்லையாம் என்றீர்கள். பார்த்தார் என்பது மட்டும் என் காதில் விழுந்தது. படிவத்தில், உடல்ரீதியான காரணம் இல்லை என்ற கட்டத்தில் ஒரு சரி போட்டேன். அதைப் போட ஒரு நொடிகூட ஆகவில்லை.

பிறகு திட்டம். அவள் அலறினால் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது. அடிபடாமல் கன்னத்துக்கும் கைக்கும் நடுவே ஒரு சின்னத் தலையணையை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். அமைதியானதும் கொஞ்சலாம். ஒவ்வொரு தடவையும் நோட்டில் எழுத வேண்டும்: அதற்கு முன் என்ன நடந்தது, அவள் என்ன செய்தாள், பிறகு என்ன ஆயிற்று, கடைசியாக எத்தனை தடவை. வெள்ளிக்கிழமை தோறும் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பினீர்கள். எனக்கு ஐந்து வீடுகள், திங்கட்கிழமைக்குள் ஐந்து வரைபடங்கள். படத்தைப் பெரிதாக்கிக் கடைசிக் கட்டத்தில் இருந்த எண்ணிக்கையை மட்டும் எடுத்துக்கொண்டேன். மற்ற மூன்று கட்டங்களிலும் நீங்கள் நுணுக்கி நுணுக்கி எழுதியிருந்ததை வாசிக்கவில்லை.

எண்ணிக்கை ஏறியது. கொடுமை என்னவென்றால், அது ஏற ஏற எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கவனம் கிடைக்காத பிள்ளை முதலில் கூடுதலாக அழும், அப்புறம்தான் குறையும் என்று படித்திருந்தேன். "கூடுதுன்னா வேல செய்யுதுன்னு அர்த்தம், ராத்தா. விட்டுடாதீங்க," என்று உங்களுக்குத் தைரியம் சொன்னேன்.

ஒரு மத்தியானம் நானும் அங்கே இருந்தேன். நீங்கள் கழுவிய தட்டையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தீர்கள். ஹஸீனா அலறிக்கொண்டு எழுந்துவந்து உங்கள் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள். நீங்கள் அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தீர்கள். நான் வேண்டாம் என்று தலையசைத்தேன். நீங்கள் குழாய் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். இத்தனை வருடத்தில் நான் செய்த எதையாவது திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்றால் அந்தத் தலையசைப்பைத்தான் எடுத்துக்கொள்வேன்.

பதினெட்டு நாள். பத்தொன்பதாவது நாள் காலையில் கன்னம் வீங்கிக் காய்ச்சல் அடித்தது. மயக்க மருந்து கொடுத்து வாயைத் திறந்து பார்த்தபோது இடதுபக்கக் கடைவாய்ப் பல் உள்ளே சீழ் பிடித்திருந்தது. சாப்பிட்டதும் அலறியது மெல்லும்போது வலித்ததால்தான். நீங்கள் அடுப்படிக்குப் போகும் நேரமும் அந்த நேரமும் ஒன்றாக இருந்தது, அவ்வளவுதான். மருத்துவமனையிலிருந்து போன் செய்தீர்கள். மன்னிச்சிருங்க என்று மட்டும் சொன்னேன். நீங்கள்தான் பேசினீர்கள்.

"நான்தானே தாய். எனக்குத் தெரிஞ்சுச்சு. தெரிஞ்சும் பேசாம இருந்துட்டேன்."

பிறகு, "வெள்ளிக்கிழமை வருவீங்கல்ல, டீச்சர்?" என்று கேட்டீர்கள்.

வருவேன் என்றேன். நீங்கள் என்னை மன்னித்துவிட்டதாக எடுத்துக்கொண்டேன். பெருந்தன்மை என்று நினைத்து அன்று முழுக்க அழுதேன்.

வெள்ளிக்கிழமை வந்தேன். ஹஸீனா கன்னத்து வீக்கம் வற்றித் தூங்கிக்கொண்டிருந்தாள். நீங்கள் தேநீர் போட உள்ளே போன இடைவெளியில்தான் இந்த நோட்டை முதல்முறையாகத் திறந்து வாசித்தேன். இரண்டாம் நாளே எழுதியிருந்தீர்கள்: "சூடான பால் குடித்ததும். இடது பக்கம் மட்டும்." ஐந்தாம் நாள்: "கஞ்சி கொடுத்தேன், அழவில்லை." ஒன்பதாம் நாள்: "வலது பக்கமாகவே மெல்லுகிறாள்." எல்லாம் இருந்தது. ஒரு வரி வாசித்திருந்தால் போதும். நோட்டை மூடி இருந்த இடத்திலேயே வைத்தேன். நீங்கள் தேநீரோடு வந்தீர்கள், குடித்தேன். உங்கள் மேல் தவறில்லை, நீங்கள் எனக்கு எழுதிக் காட்டியிருக்கிறீர்கள், நான்தான் வாசிக்கவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் நான் சேர்த்த பயிற்சி மணிநேரம் போய்விடும், தேர்வு போய்விடும் என்று பயந்தேன். அறிக்கையில், பிற்பாடு ஒரு மருத்துவக் காரணம் கண்டறியப்பட்டது என்று எழுதினேன். மூத்தவர் கையெழுத்துப் போட்டார். தேர்விலும் தேறினேன்.

அதன்பின் நான்கு வருடமாக வந்துகொண்டிருக்கிறேன். வலி என்றால் தொட்டுக் காட்ட ஹஸீனாவுக்கு ஒரு பட அட்டை பழக்கினோம். இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் பல், காது, வயிறு எல்லாம் கேட்டுவிட்டுத்தான் மற்றதை ஆரம்பிக்கிறேன். பார்க்கிறவர்கள் கெட்டிக்காரி என்கிறார்கள். போன வருடம் அண்ணன் போன் செய்து, "அவ மௌத்தாயிட்டா, டீச்சர்," என்று உங்கள் மரணச் செய்தியைச் சொன்னபோது, மூளையில் ரத்தக்கசிவு என்று அவர் சொன்னதெல்லாம் பிறகுதான் எனக்கு உறைத்தது. முதலில் தோன்றியது, இனி சொல்லவே முடியாது என்பதுதான். உங்கள் அடக்கத்தன்று தலையில் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு பெண்கள் பக்கம் நின்றேன். உங்கள் தங்கை என் கையைப் பிடித்து, ராத்தா உங்களப் பத்தி ரொம்பச் சொல்லுவாங்க என்றார். என்ன சொன்னீர்கள் என்று கேட்கத் துணிச்சல் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை நோட்டைத் திறந்தேன். அன்று அவசரமாக வாசித்த அதே பக்கங்கள். ஆனால் இப்போது சில வரிகளுக்குக் கீழே சிவப்புப் பேனாவில் கோடு இழுத்திருக்கிறது. சூடான பால். கஞ்சி. வலது பக்கம். கடைசிப் பக்கத்தின் அடியில் அதே சிவப்பில், நான் தேநீர் குடித்துவிட்டுப் போன அந்த வெள்ளிக்கிழமைத் தேதி. பக்கத்தில் இரண்டே சொல்: "கேட்க வேண்டாம்."

உங்களுக்குத் தெரிந்திருக்கிறது, ராத்தா. நான் வாசிக்கவில்லை என்று தெரிந்துதான் மூன்று வருடம் எனக்குத் தேநீர் கொடுத்திருக்கிறீர்கள். இரண்டு பேர் வந்து போய்விட்டார்கள். கேட்டால் இவளும் போய்விடுவாள், மறுபடி ஒரு வருடம் காத்திருக்க வேண்டும் என்று நினைத்திருப்பீர்கள். வெள்ளிக்கிழமை வருவீங்கல்ல என்று நீங்கள் கேட்டது அந்தப் பயத்தில்தான் என்று இப்போது நினைக்கிறேன். மன்னிப்பும் அதில் கொஞ்சம் கலந்திருந்ததா என்று எனக்குத் தெரியாது. அதைச் சொல்ல நீங்கள் இல்லை.

அன்று மத்தியானமே அண்ணனுக்குப் போன் செய்து, படிவத்தில் போட்ட சரியிலிருந்து அறிக்கைவரை எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பக்கம் பெட்டி ஒட்டும் டேப்பை யாரோ இழுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. கடைசியில் அவர் கேட்டார்: "வர்ற சனிக்கிழமை வருவீங்கல்ல, டீச்சர்? புது வீட்டு அட்ரஸ் அனுப்புறேன்."

அன்று நீங்கள் கேட்டது போலவே இருந்தது.

"வருவேன், அண்ணே. நீங்க என்னத் திட்டினாலும் வருவேன்," என்றேன்.

திட்டினாலும் வருவேன் என்று நான்கு வருடத்துக்கு முன்னால் உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். அவர் பிறகு திட்ட ஆரம்பித்தார். மெதுவாகத்தான் ஆரம்பித்தார், போகப் போகக் குரல் ஏறியது. நான் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். "புள்ளைக்குத்தான் வாய் இல்ல. தாய்க்கு இருந்துச்சு, டீச்சர். நீங்க அதையும் மூடிட்டீங்க," என்று சொல்லும்போது அழுதுவிட்டார்.

சனிக்கிழமை பொங்கோலுக்குப் போகிறேன். நோட்டை அவரிடமே திருப்பிக் கொடுக்கப் போகிறேன். அந்த இரண்டு சொல் என்னோடு இருக்கும்.