காரமடை மெஷின் வாய் திறக்காத நான்கு வாரம்

என் தங்கையைக் கட்டிக்கொண்டு, கூடவே முப்பது வருஷம் என்னையும் கட்டி மேய்த்த ரங்கசாமி மாப்பிள்ளைக்கு,

நீங்கள் போய் ஒரு வருஷம் முடிந்துவிட்டது. போன வாரம் தங்கை சரசு வீட்டில் திதி வைத்தாள். நான் வழக்கம்போல ஐயர் கிளம்பும்வரை வெளியே வேப்பமரத்தடியில் நின்றுவிட்டு, இலை போட்ட பிறகு உள்ளே போனேன். உங்களுக்காகச் செய்த ஒப்பிட்டுப் போளியில் நான்கை நான் தின்றேன். கோபத்தில் தின்றது.

ஆமாம், உங்கள் மேல் எனக்குக் கோபம். அதனால்தான் இந்தக் கடிதத்தை நம் பம்ப் உற்பத்தியாளர் சங்கத்து மாதப் பத்திரிகையில் போடச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். நான்கு பேர் படித்து நியாயம் சொல்லட்டும். ஆனால் முதலில் நல்ல செய்தி. நீங்கள் தாத்தா ஆகிவிட்டீர்கள். டொராண்டோவில் நம் கோமதிக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. தாயும் பிள்ளையும் சுகம். மூக்கு உங்கள் மூக்கு. அதை நான் எப்படிப் பார்த்தேன் என்பதுதான் கதை.

பீளமேட்டில் நாம் பட்டறை போட்ட அன்று பேசிக்கொண்டது நினைவிருக்கிறதா? நான் எட்டாவதோடு நின்றவன், நீங்கள் பத்தாவது. நான் சாமி இல்லை என்பவன், நீங்கள் காரமடைக் கோயில் தேருக்கு வருஷம் தவறாமல் வடம் பிடிப்பவர். ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். "மாப்ளே, கும்புடறதெல்லாம் ஊட்டுல வெச்சுக்குங்க. பட்டறைக்குள்ள பஞ்சாங்கம் வரக்கூடாது. பம்ப்பு ரெடியானா அந்த நிமிசமே ஓட்டிப் பாப்பேன். ராகு காலம், எமகண்டம்னு ஆராச்சும் வாயத் தொறந்தா அன்னைக்கே பட்டறையப் பூட்டிப்போடுவேன்." நீங்கள் சிரித்துக்கொண்டே, "ஆகட்டுமுங்க மச்சான்" என்றீர்கள். முப்பது வருஷத்தில் ஒருமுறைகூட அந்தச் சொல்லை நீங்கள் பட்டறையில் உச்சரித்ததில்லை. அதை நான் ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பிறகுதான் உங்களுக்குக் கம்ப்யூட்டர் பைத்தியம் பிடித்தது. யாரோ கழித்துக் கட்டிய பழைய பெட்டி ஒன்றையும் உக்கடத்துப் பழைய புத்தகக் கடையில் கிடைத்த தடிப் புத்தகம் ஒன்றையும் கொண்டுவந்து, ஆபீஸ் மூலையில் உட்கார்ந்து எட்டு மாதம் மல்லுக்கட்டினீர்கள். நமக்கென்று சொந்தமாக ஒரு மெயில் மெஷின். அதற்குக் காரமடை என்று பெயர். அது பெங்களூரில் இருக்கும் ஒரு பெரிய மெஷினுக்குத் தானே போன் போடும், நம் கடிதங்களைக் கொடுக்கும், நமக்கு வந்திருப்பதை வாங்கிக்கொண்டு வரும். எதற்கு இந்த வம்பு, கம்பெனிக்காரன் கொடுப்பதை வாங்கிக்கொள்ளலாமே என்று என் மகன் செந்தில் கேட்டபோது நீங்கள் சொன்னீர்கள்: "கண்ணு, தபால்பெட்டி நம்ம ஊட்டுச் செவுத்துல இருக்கோணும். அடுத்தவன் ஊட்டுல இருந்தா அவன் தொறந்து உட்டாத்தானே நமக்கு?" எனக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போனது. உங்களுக்குத் தெரிவது எனக்குத் தெரியாமல் போகக் கூடாது என்று நானும் அகராதியை வைத்துக்கொண்டு அந்தத் தடிப் புத்தகத்தைப் படித்தேன். மூன்று முறை.

நீங்கள் போன பிறகும் காரமடை நிற்கவில்லை. ஒரு நாளைக்கு எட்டு முறை கீச்சென்று கத்திக்கொண்டு பெங்களூரைக் கூப்பிடும். சரசு தினமும் காலையில் வந்து மகளின் கடிதத்தைப் படிப்பாள், ஒரு விரலால் பதில் தட்டுவாள். போகும்போது பெட்டியைத் தொட்டுக் கும்பிடுவாள். நான் பார்க்காதது மாதிரி இருப்பேன்.

இப்படி இருக்கும்போது பெங்களூரிலிருந்து அறிவிப்பு வந்தது. இனிமேல் சின்ன வாடிக்கையாளர்கள் வாரத்தில் இரண்டு முறைதான் கூப்பிடலாம், அதுவும் ஒதுக்கிய அரைமணி நேரத்தில் மட்டும். வந்த கடிதங்களை ஒரு மாதம் வைத்திருப்பார்கள். எடுக்காவிட்டால் அழித்துவிடுவார்கள். நான் போன் போட்டு என்னென்ன நேரம் மிச்சம் இருக்கிறது என்று கேட்டேன்.

"சனிக்கிழமை ஒன்பதரை, செவ்வாய்க்கிழமை மூணரை சார். ரெண்டும் சும்மா இருக்குது. ஆனா வேண்டாம். வேற ஏதாச்சும் காலியானா சொல்றேன்" என்றான் அங்கிருந்த ஆள்.

"ஏனுங்க வேண்டாம்?"

"ராகு காலம் சார். எல்லாரும் பிசினஸ்காரங்க. யாருமே எடுக்க மாட்டேங்கறாங்க."

மாப்பிள்ளை, எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். "ரெண்டையும் எம்பேருல எழுதுங்க" என்றேன். "ஊருல எல்லாரும் பயந்துட்டு ஒதுங்கி நின்னா லைனு எனக்கு மொதல்ல கெடைக்குமல்லோ!" உங்கள் மெஷினிலும் பழைய நேரங்களை எடுத்துவிட்டு இந்த இரண்டையும் நானே போட்டேன். புத்தகம் பார்க்காமல் போட்டேன்.

அன்றோடு காரமடை வாயை மூடிக்கொண்டது.

செவ்வாய் போனது, சனி போனது. ஒரு கடிதமும் இல்லை. அந்த நேரத்தில்தான் கோமதிக்குக் குழந்தை பிறந்தது. போனில் செய்தி வந்தது. சரசு அழுதாள், சிரித்தாள். என்ன பெயர் என்று கேட்டாள். அதற்குக் கோமதி, "போட்டோவும் பேரும் மெயில்ல அனுப்பிச்சிருக்கறேம்மா. போன்ல சொன்னா நான் அழுதுபோடுவேன். படிச்சுட்டு நீங்க சரின்னு ஒரு வரி எழுதுங்க. அப்பறந்தான் இங்க பதிவு பண்ணுவோம்" என்றாளாம். அவளுக்கு யார் பிடிவாதம் என்று நான் சொல்ல மாட்டேன்.

நான் விடவில்லை. டெலிபோன் லைனைச் சோதித்தேன். சுத்தமாக இருந்தது. மோடத்தை மாற்றிப் பார்த்தேன். ஒயரை மாற்றினேன். புதன்கிழமை காலையில் கட்டளையைத் தட்டினால் மெஷின் கீச்சென்று கத்திக்கொண்டு டயல் செய்கிறது. நமக்கு ஒதுக்கிய நேரம் இல்லாததால் பெங்களூர் எடுக்கவில்லை. சரி, சனிக்கிழமை ஒன்பதரைக்கு அதே கட்டளையைத் தட்டினால்? மூச்சில்லை. தப்பு என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. அடுத்த கட்டளைக்குக் காத்துக்கொண்டு பேசாமல் நிற்கிறது. வேண்டாத நேரத்தில் ஓடி, வேண்டிய நேரத்தில் ஓடாத மோட்டாரை நான் என் ஆயுளில் பார்த்ததில்லை.

செந்தில் வந்து பத்து நிமிஷம் பார்த்தான். "ஏனுங்கப்பா, இதையெல்லாம் மாமா எந்தப் புஸ்தகத்தப் பாத்து எழுதுனாரு? ஒரு தலையும் புரியல, வாலும் புரியல. எப்படியும் ரெண்டாயிரமாவது வருசம் பொறந்தா தேதி கொழம்பி இது நின்னுபோகும். ப்ரௌசிங் சென்டர்ல அத்தைக்கு ஓசியில ஒரு அட்ரஸ் போட்டுத் தாரேன்" என்றான்.

"ஓசி அட்ரஸ்ல பழைய லெட்டர் வருமாடா?"

"வராதுங்க. கோமதிய மறுபடி அனுப்பச் சொல்லுங்க."

"பெத்தவளுக்கு எழுதுனத எப்படிடா மறுபடி எழுதுவா? அன்னைக்கு எழுதுன எழுத்து அன்னைக்கு எழுதுனதுதான்."

"செவ்வாக்கெழம வரைக்கும் பாருங்க. அன்னையோட மாசமும் முடியுது. புதங்கெழம நான் பெட்டியக் கழட்டிப்போடுவேன்." கழற்றிவிடுவானாம். படித்தவன்.

மெஷினுக்குள் நீங்கள் எழுதி வைத்த எல்லாவற்றையும் பிரிண்டரில் அச்சடித்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். தலையில் கட்டம் போட்ட குறியோடு ஆரம்பிக்கும் வரிகள் மனிதர் குறிப்புக்காக எழுதுவது, மெஷின் அவற்றைப் படிக்காது என்று புத்தகத்தில் போட்டிருந்தது. மெஷின் படிக்காததை நான் ஏன் படிக்க வேண்டும் என்று அந்த வரிகளை நீக்கிவிட்டுத்தான் அச்சடித்தேன். அப்படியும் வீட்டு நடை முழுக்கக் காகிதம். வரி வரியாகப் பார்த்தேன். எல்லாம் சரியாகவே இருந்தது. ஒரு இடத்தில் ஏழு வரி வெறும் எண்கள். ஏழரை மணி முதல் ஒன்பது, ஒன்பது முதல் பத்தரை என்று ஒன்றரை மணி நேரக் கணக்கில் சாயங்காலம் ஆறு வரை போனது. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஓர் எண்: ஒன்று, ஆறு, ஐந்து, மூன்று, நான்கு, இரண்டு, சைபர். பழைய எட்டு அழைப்புகளின் அட்டவணை மிச்சம் கிடக்கிறது என்று நினைத்து ஒவ்வொரு முறையும் தாண்டிப் போனேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் சரசு வந்தாள். காகிதத்தை மிதிக்காமல் சுவரோரமாக நடந்து வந்து உட்கார்ந்தாள்.

"ஏனுங்கண்ணா, அவரு போன மாதிரி இதும் போயிருச்சுங்களா?"

நான் அடுத்த தாளைப் புரட்டினேன். அவள் சும்மா இருக்க மாட்டாமல் கால் பக்கத்தில் கிடந்த தாளை எடுத்துப் பார்த்தாள். பார்த்தவள் நிமிர்ந்து சுவரில் தொங்கிய தினசரி காலண்டரைப் பார்த்தாள். மறுபடி தாளைப் பார்த்தாள்.

"அண்ணா, இந்த ஏழு வரி என்னுங்க?"

"அது பழைய டைம் டேபிள் அம்மணி. அத உடு."

"டைம் டேபிள்தானுங்க. ஒண்ணு திங்கள், ஆறு சனி, அஞ்சு வெள்ளி. புதன், வியாழன், செவ்வாய், ஞாயிறு. ஏழரையில ஆரம்பிச்சு சாயங்காலம் ஆறு மணி." கையை விரித்துக் காட்டினாள். "அண்ணா, இது ராகு காலமுங்க."

தாளைப் பிடுங்கினேன். அந்த ஏழு நேரத்தில் எது வந்தாலும் போன் போடாதே, பேசாமல் திரும்பிப் போ என்று அடுத்த வரியில் மெஷினுக்குச் சொல்லியிருந்தீர்கள். ஒரு நாளைக்கு எட்டு முறை கூப்பிட்ட காலத்தில் ஒரு முறை தவறினால் யாருக்குத் தெரியும்? ஊரில் எவனும் தொடாத இரண்டு ராகு காலத்தைத் தேடிப் பிடித்து, அதில் மட்டும் கூப்பிடு என்று நான் சொன்னேன். அதில் மட்டும் கூப்பிடாதே என்று நீங்கள் சொல்லிவிட்டுப் போயிருந்தீர்கள். அந்த மெஷின் பாவம், நம் இருவருக்கும் நடுவில் நான்கு வாரம் தலையைக் குனிந்து நின்றிருக்கிறது. முப்பது வருஷம் சரசு நின்ற மாதிரி.

சரசு சிரிக்க ஆரம்பித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, பிறகு பொத்தாமல், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "அவரு உங்களுக்குப் பயந்துட்டு... பொட்டிக்குள்ள ஒளிச்சு வெச்சிருக்கறாரு பாருங்கண்ணா!" நீங்கள் போனதிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்குச் சிரிப்பு வரக் கொஞ்ச நேரம் ஆனது. அவமானம் முதலில் வந்தது.

செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கே ஆபீசில் உட்கார்ந்துவிட்டோம். அந்த ஏழு வரியையும் மெஷின் கண்ணில் படாமல் மறைக்க வேண்டும். எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு பட்டறை ஆட்களும் வந்து நின்றார்கள். செந்தில் கதவில் சாய்ந்து நின்றான். எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. தங்கையைத் திரும்பிப் பார்த்தேன். "சரசு, ராகு காலத்துலதான் கூப்பிடோணும். உனக்குச் சம்மதந்தானா? பேரப்புள்ள பேரு வாரது."

அவள் யோசிக்கவே இல்லை. "பேரு வெச்சவ நல்ல நேரத்துலதானுங்க வெச்சிருப்பா. இது எடுத்துட்டு வாரதுதானே? பஸ்ஸு ராகு காலத்துல ஓடறதில்லீங்களா?"

நல்லவேளை, நாத்திகம் பேச எனக்குத் துணை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே உங்கள் ஏழு வரியைத் திறந்தேன். அச்சில் வராத குறிப்பு வரி ஒன்று அவற்றின் தலைமேல் இருந்தது. இங்கிலீஷ் எழுத்தில், ஆனால் நம் பேச்சில்: மச்சானுக்குத் தெரிய வேண்டாம்.

திரை கொஞ்ச நேரம் எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை. மெஷின் படிக்காத வரி. அப்படியானால் யார் படிப்பதற்காக அதை எழுதினீர்கள், மாப்பிள்ளை? உங்களுக்குப் பிறகு அந்தப் பெட்டியைத் திறக்கும் பிடிவாதம் இந்த ஊரில் வேறு யாருக்கு இருக்கிறது?

ஏழு வரியின் தலையிலும் அந்தக் கட்டக் குறியைப் போட்டு மறைத்துவிட்டு, மூன்றரைக்குத் தட்டினேன். கீச்சென்று கத்தியது காரமடை. பெங்களூர் எடுத்தது. நாற்பத்திரண்டு கடிதம். போட்டோ மேலிருந்து கீழாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. முதலில் தொப்பி, பிறகு நெற்றி, பிறகு அந்த மூக்கு. "மாமா மூக்கு!" என்று செந்தில்தான் முதலில் கத்தினான். சரசு கடிதத்தைச் சத்தமாகப் படித்தாள். பெயர் வந்த இடத்தில் நிறுத்தி, ஒரு விரலால் "சரி கண்ணு" என்று அடித்து அதே அழைப்பில் அனுப்பச் சொன்னாள்.

ரங்கநாயகி. உங்கள் பெயரும் காரமடைத் தாயார் பெயரும் ஒன்றாக. கடவுள் இல்லை என்று நாற்பது வருஷம் பேசிய வாயால் நான் இனி ஆயுள் முழுக்க அதைக் கூப்பிட வேண்டும். கூப்பிடுகிறேன். ஆனால் ஒன்று, நம் வீட்டுக்கு வந்த மிக நல்ல செய்தி அசல் ராகு காலத்தில் வந்தது. இதை நீங்கள் மறுக்க முடியாது.

மறுநாள் பெட்டியைக் கழற்ற செந்தில் வரவில்லை. நான் பெங்களூருக்குப் போன் போட்டேன். யாரோ விலகியதில் திங்கட்கிழமை மூன்று மணியும் வியாழக்கிழமை பத்து மணியும் காலியாகியிருந்தன. அவற்றைக் கேட்டேன்.

"ஏன் சார், நீங்களும் ராகு காலம் பாக்க ஆரம்பிச்சுட்டீங்களா?" என்று சிரித்தான்.

"நான் இல்லீங்க. என்ற மெஷின்" என்றேன்.

உங்கள் ஏழு வரியின் தலையில் போட்ட குறியை எடுத்து, பழையபடி மெஷின் படிக்கும்படி விட்டுவிட்டேன். உங்கள் குறிப்புக்குக் கீழே, மெஷின் படிக்காத இன்னொரு வரியை நான் சேர்த்திருக்கிறேன்: மச்சானுக்குத் தெரிந்துவிட்டது. இருக்கட்டும்.

நான் இருக்கும் வரை, ரெண்டாயிரம் பிறந்தாலும் சரி, அந்தப் பெட்டியை யாரும் கழற்ற மாட்டார்கள். அந்த ஏழு வரியிலும் யாரும் கை வைக்க மாட்டார்கள். இது நான் உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு.

இன்னும் எதையும் நம்பாத,
உங்கள் மச்சான்,
ரங்கநாயகியின் பெரிய தாத்தா,
பழனிச்சாமி