மாமாவின் பி.எஸ்.ஏ.வுக்கு ஒயர் இழுத்த நாட்கள்

19 செப்டம்பர் 1994

ஹபீப் முகம்மது மாமாவின் வண்டி இன்று எங்கள் மெக்கானிக் ஷெட்டுக்கு வந்தது. வந்தது என்று சொல்லக்கூடாது. காயல்பட்டினத்திலிருந்து டெம்போவில் போட்டுக் கொண்டுவந்து, நாலு பேர் பிடித்து இறக்கினோம். 1952 பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிள். மாமாவின் வாப்பா ஓட்டியது. சீட்டுக்குள் எலி குடும்பம் நடத்தியிருக்கிறது. ஒயர் எல்லாம் அதற்குத்தான் தீனி.

மாமா என்றால் என் மனைவி ஃபர்ஹத்துக்குத் தாய்மாமா. சவூதியில் தம்மாமிலிருந்து லீவில் வந்திருக்கிறார். எனக்கும் ஒரு விசா வைத்திருக்கிறார், எலக்ட்ரீஷியன் வேலைக்கு. நவம்பரில் அவர் திரும்பும்போது நானும் ஏற வேண்டும் என்பது என் மாமியாரின் ஆசை. ஃபர்ஹத்துக்கு இது ஐந்தாம் மாதம். நான் போனால் பிள்ளையின் முகத்தைப் போட்டோவில்தான் பார்ப்பேன். மாமாவின் மகள் முதன்முதலாக அவரைப் பார்த்தபோது வீறிட்டு அழுததை வீட்டில் எல்லாரும் சிரிப்புக் கதையாகச் சொல்வார்கள். எனக்கு இப்போது சிரிப்பு வரவில்லை.

அதனால் துணிந்து கேட்டுவிட்டேன். "மாமா, இந்த வண்டிய நீங்க சொல்லுத மாதிரி செஞ்சு தாரேன். அதப் பாத்துட்டு, இங்கன இருந்தே நான் பொழைப்பேனா மாட்டேனான்னு சொல்லுங்க."

மாமா மீசையைத் தடவினார். "சரிலே. வண்டி சொல்லட்டும். நல்லா வந்துச்சின்னா இரி. இல்லன்னா பாஸ்போர்ட்ட எடு."

24 செப்டம்பர்

பழைய ஒயர் முழுவதையும் உருவி எறிந்தாயிற்று. துணி சுற்றிய ஒயர், தொட்டால் உதிர்கிறது. சிவசைலம் என்ஜினைக் கழற்றிப் பரப்பியிருக்கிறான். ஷெட்டில் நாங்கள் இரண்டு பேர்தான் கூட்டாளி. என்ஜினும் வெல்டிங்கும் அவன். கரண்ட் ஓடுகிற எதுவும் நான்.

மாமா கேட்டது: தாழ்ந்த சீட்டு, அகலமான ஹேண்டில்பார், நாலு இண்டிகேட்டர், இரட்டை ஹாரன். "பாக்க வாப்பா வண்டியாட்டம் இருக்கணும், ஓட்ட புது வண்டியாட்டம் இருக்கணும்." கேட்பது சுலபம்.

2 அக்டோபர்

ஒயரிங் படம் போட்டேன், கிழித்தேன், மறுபடி போட்டேன். இந்த வண்டி பிறந்தபோது இண்டிகேட்டர் என்ற சாதனமே அதற்குக் கிடையாது. எல்லா ஒயரும் டேங்குக்கு அடியில் மறைந்து போக வேண்டும். வெளியே ஒரு ஒயர் தெரிந்தாலும் நான் ஒயர்மேன் இல்லை.

9 அக்டோபர்

முடிந்தது! ஹேண்டில்பார் குழாய்க்குள்ளேயே ஒயரை நுழைத்துக் கொண்டுவந்துவிட்டேன். இந்த ஜில்லாவில் இப்படிச் செய்தவன் எவனாவது இருந்தால் வரச்சொல், சோடா வாங்கித் தருகிறேன். சிவசைலம் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஒயர எங்கலே ஒளிச்சி வச்ச?" என்றான். அது போதும் எனக்கு.

தற்பெருமைதான். என் நாட்குறிப்பில் நான் தம்பட்டம் அடித்துக்கொள்ளாமல் வேறு யார் அடிப்பது?

12 அக்டோபர்

பாக்கி எர்த் ஒன்றுதான். கரண்ட் பேட்டரிக்குத் திரும்பி வருவதற்கு வண்டியின் இரும்புதான் பாதை. அதற்குச் சீட்டுக்கு அடியில் ஓரிடத்தில் பெயிண்டைச் சுரண்டி, வெறும் இரும்பில் ஒயரை வைத்து போல்ட்டால் முடுக்க வேண்டும். ஒரு ரூபாய் வட்டத்துக்குப் பளபளவென்று சுரண்டி வைத்தேன். முடுக்குவதற்குள் சிவசைலம் ஸ்பேனரைப் பிடுங்கிக்கொண்டான். நாளை ஆயுத பூஜை. சாமான்களைக் கழுவ வேண்டுமாம். பூஜை முடிந்து மறுநாள்தான் எதையும் தொடலாம்.

13 அக்டோபர்

பூஜைப் பொரியும் கடலையும் வீட்டுக்கு வந்தது. ஃபர்ஹத் பாதியை வாசலிலேயே தின்றுவிட்டாள்.

14 அக்டோபர்

ஜும்ஆவுக்கு நேரமாகிவிட்டது. குனிந்து, கையால் தடவி இடம் பார்த்து, எர்த் ஒயரை முடுக்கினேன். சுவிட்சைப் போட்டேன். ஹெட்லைட் எரிந்தது. பள்ளிவாசலுக்கு ஓடினேன்.

16 அக்டோபர்

மானம் போயிற்று.

மாமா வந்தார். ஒரே உதையில் என்ஜின் பிடித்தது. சிவசைலம் வேலை சுத்தம். நான் ஹெட்லைட்டைப் போட்டேன், எரிந்தது. மாமா ஹாரனை அமுக்கினார், லைட் அணைந்தது! இடது இண்டிகேட்டர் போட்டால் பின்விளக்கு கண்ணடிக்கிறது. தெருவில் கூட்டம். ஒருத்தன் சிரித்தே விட்டான்.

மாமா கோபப்படவில்லை. திட்டியிருந்தால் தேவலை. வண்டியிலிருந்து இறங்கி, "சரி மருமவனே, மெட்ராஸ்ல மெடிக்கல் எடுக்கணும். போட்டோ ரெடி பண்ணிக்கோ" என்றார்.

17 அக்டோபர்

ஃபர்ஹத் பீரோவிலிருந்து என் பாஸ்போர்ட்டை எடுத்து மேஜையில் வைத்திருக்கிறாள்.

19 அக்டோபர்

எல்லாவற்றையும் பிரித்தேன். சுவிட்சை மாற்றினேன், ஹாரனை மாற்றினேன், ஹேண்டில்பாருக்குள் போன ஒயரையும் உருவி மறுபடி இழுத்தேன். அதே கண்ணடிப்பு. அதே இளிப்பு.

சிவசைலம் பைய வந்து, "எர்த்த ஒரு தடவ பாரேன்லே" என்றான்.

"எர்த்து நான் சுரண்டுனது. அதுல என்ன பாக்க? நீ ஒன் என்ஜினப் பாரு" என்று எரிந்து விழுந்தேன். என்ஜின் பக்கம் போய்விட்டான்.

21 அக்டோபர்

வேறு வழியில்லாமல் எர்த் போல்ட்டைக் கழற்றினேன். வாஷரோடு ஒரு காய்ந்த பொருக்கு பெயர்ந்து வந்தது. மஞ்சளாக, நடுவில் சிவப்பாக. முகர்ந்தேன். சந்தனம், ஒயருக்கும் இரும்புக்கும் நடுவில்.

எனக்கு வந்ததே கோபம். "எவம்லே இங்கன பொட்டு வச்சது?"

சிவசைலம் முகம் செத்துவிட்டது. "நாந்தான்லே. வண்டிக்குப் பொட்டு வைக்காம பூஜ எப்படிப் போட? ஆனா ஒங்க மாமா வண்டி. அவரு பாத்தா ஒருவேள சங்கடப்படுவாரு. அதான் கண்ணுல படாத இடமாத் தேடுனேன். சீட்டுக்கு அடியில வட்டமா, பெயிண்டு இல்லாம, அளவெடுத்த மாதிரி இருந்துச்சி..."

என்ன சொல்லித் திட்டுவது இவனை? மாமாவின் மனம் நோகக்கூடாது என்று இடம் தேடியிருக்கிறான் மனுஷன். தேடிப் பிடித்த இடம்தான் அப்படி. சிரிப்பு வந்துவிட்டது. அவனும் சிரித்தான், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

சந்தனம் வைத்தது அவன். பார்க்காமல் முடுக்கியது யார்? எர்த்தைப் பார் என்றவன் வாயை அடைத்தது யார்? மறுபடி சுரண்டி, துடைத்து, இந்தத் தடவை கண்ணால் பார்த்து முடுக்கினேன். ஹாரன் அடித்தேன், இண்டிகேட்டர் போட்டேன், பிரேக் மிதித்தேன். லைட் அசையவில்லை.

23 அக்டோபர்

மாமா வந்தார். "என்ன கோளாறு?" என்று கேட்டார்.

சிவசைலம் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நான் முந்திக்கொண்டேன். "எர்த்த சுத்தம் பண்ணிப் பாக்காம முடுக்கிட்டேன் மாமா. என் தப்புதான். வேற ஒண்ணுமில்ல."

பொய்யா? இல்லை. யோசித்துப் பார்த்தாலும் இல்லைதான்.

மாமா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "பின்னால ஏறு. காயலுக்குப் போவோம்."

கருங்குளம் தாண்டியதும் மழை பிடித்தது. ஆழ்வார்திருநகரியில் ரோட்டில் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே தண்ணீர். நான் பின்சீட்டில் உட்கார்ந்து ஓதிக்கொண்டே வந்தேன். மாமா வேண்டுமென்றே ஹாரனை அடித்துக்கொண்டு போகிறார், மாட்டுக்கு, மரத்துக்கு, யாருமில்லாத வளைவுக்கு. லைட் மழைக்குள் நேராகப் போய்க்கொண்டிருந்தது. என் லைட்! அல்ஹம்துலில்லாஹ்.

விசா பற்றி காயலில் அவர் வீட்டு வாசல் வரை வாய் திறக்கவில்லை.

30 அக்டோபர்

ஒரு வாரமாகியும் விசாப் பேச்சில்லை. பாஸ்போர்ட் மேஜையிலேயே இருக்கிறது.

4 நவம்பர்

இன்று மாமா புறப்பட்டார். சாமான்களும் மாமியும் வேனில் வர, அவர் மட்டும் காயலிலிருந்து இங்கே ரயில் ஜங்ஷன் வரைக்கும் பி.எஸ்.ஏ.வை ஓட்டிக்கொண்டு வந்தார். வெள்ளைச் சட்டை எல்லாம் புழுதி. மாமி சத்தம் போட்டார்கள். அவர் சின்னப்பிள்ளை மாதிரி சிரிக்கிறார்.

ரயில் நகர்வதற்கு முன்னால் ஜன்னல் வழியாகச் சாவியை நீட்டினார்.

"நான் வார வரைக்கும் ஒங்கிட்ட நிக்கட்டும். ஷெட்டு வாசல்லயே நிறுத்து, நாலு பேரு பாக்கட்டும். அந்த விசாவுக்கு வேற ஆளு சொல்லிட்டேன்." பிறகு குரலைத் தாழ்த்தி, "கூட்டாளிய விட்டுக் குடுக்காதவன் எங்க இருந்தாலும் பொழைப்பான்லே. ஒயரிங்கும் நல்லாத்தான் இருக்கு" என்றார்.

சிவசைலம் சந்தன விஷயத்தைச் சொல்லியிருக்கிறான், எப்போதோ, எனக்குத் தெரியாமல். நாளைக்கு இருக்கிறது அவனுக்கு.

பாலத்தில் வரும்போது ஆறு நிறைய வெள்ளம். தெரு முனையிலிருந்தே இரட்டை ஹாரனையும் அடித்துக்கொண்டு வந்தேன். ஃபர்ஹத் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்து, எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "மாமா எங்க?"

"ரயிலேறியாச்சி. வண்டி இங்கன நிக்கட்டும்னுட்டாங்க."

"வண்டி மட்டுமா நிக்கிது?"

"நானுந்தான்."

அழுதாள். அப்புறம் திட்டினாள். ஹாரன் சத்தத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளை முழித்துக்கொண்டதாம். முழிக்காமல் எப்படி இருக்கும், ஒயரிங் யாருடையது?