நீ சொன்ன நட்சத்திரம் வேகம் குறைந்துவிட்டது

என் சுகுணா கண்ணு,

டெங்கு என்று ஆஸ்பத்திரியில் சேர்த்த நாலாம் நாள் நீ போய்விட்டாய். எட்டு மாதம் ஆகிறது. அதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை. நேற்று நடந்ததைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

உன்னோடு ஆராய்ச்சி செய்த ஷாலினி காலை ரயிலில் கும்மிடிப்பூண்டி வந்தாள். அம்மா இட்லி வைத்தாள். சாப்பிட்டுவிட்டு லேப்டாப்பைத் திறந்து புள்ளிகளாக ஒரு படம் காட்டினாள்.

"அங்கிள், சுகுணா சொன்னதுதான் சரி. அந்த நட்சத்திரம் ஸ்லோ ஆவுது."

எந்த நட்சத்திரம் என்று நான் கேட்கவில்லை. எரிந்து முடிந்து சுருங்கிப்போன வெண்குள்ளன், பலத்த காந்தம் கொண்டது, சில நிமிடத்துக்கு ஒரு சுற்று சுற்றும் என்று நீதான் சொல்லியிருந்தாயே. பக்கத்து நட்சத்திரத்தின் வாயு வந்து விழுந்து தள்ளுவதால் வருடத்துக்கு வருடம் வேகம் கூடும் என்றாய். இரும்பு உருட்டாலையில் மோட்டார் பார்க்கிறவன் நான். "பேரிங்கு போவாதா?" என்று கேட்டேன். "அங்க பேரிங்கே இல்ல நைனா. காந்தம்தான் புடிச்சி இழுக்கும்" என்று சிரித்தாய்.

போன வருடம் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போன் செய்தாய். "வேகம் கொறையுதுன்னு வருது நைனா. இங்க யாரும் நம்ப மாட்றாங்க. என் கணக்கு தப்போ இன்னாவோ."

"தப்புன்னா ஒத்துக்கினு வேலைய முடி. இன்னாத்துக்கு பேஜாரு?" என்றேன். சரி நைனா என்று வைத்துவிட்டாய்.

நீ ஒத்துக்கொள்ளவில்லை. எல்லாப் பதிவுகளையும் முதலிலிருந்து மறுபடி கணக்கிட்டாயாம். ஷாலினி சொல்லித்தான் எனக்குத் தெரியும். இந்த வருடம் அவள் புதிதாகப் பார்த்ததிலும் ஒவ்வொரு சுற்றுக்கும் வருகிற ஒளித்துடிப்புகள் பழைய கணக்கைவிடத் தாமதமாகவே வருகின்றன. விழுகிற வாயு குறைந்திருக்கலாம், காந்தத்தின் இழுப்பு மிஞ்சிவிட்டது என்றாள்.

"அப்ப எம்பொண்ணு சொன்னது சரியாம்மா?" என்று அம்மா கேட்டாள்.

"சரிதான் ஆன்ட்டி."

அம்மா எழுந்து சமையலறைக்குப் போனாள். குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

இதைப் பற்றி அவர்கள் வெளியிடப்போகும் கட்டுரையில் உன் பெயர்தான் முதலில். "பக்கத்துல சின்னதா ஒரு குறி போடுவாங்க அங்கிள். அவங்க இப்ப இல்லன்னு அர்த்தம். உங்களக் கேக்காம போட மனசு வரல" என்றாள். போடும்மா என்றேன். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். அழுகை வரவில்லை. தண்ணீர் லாரி வந்தது, குடத்தை எடுத்துக்கொண்டு போனேன்.

அன்றைக்கு நான் பேசியது உனக்கு வலித்ததா? கோபத்தில்தான் மறுபடி உட்கார்ந்தாயா? யாரைக் கேட்பது?

ஆராய்ச்சி நிலையத்தில் உன் மேசை இன்னும் அப்படியே கிடக்கிறதாம். உன் சாமான்களை வந்து எடுத்துப்போகச் சொல்லி அங்கிருந்து கூப்பிட்டபோதெல்லாம் ஷிஃப்ட் இருக்கிறது என்று தட்டிக்கழித்தேன். இந்த வாரம் லீவு போட்டுவிட்டு வருகிறேன். என் மகளை நம்பாதவர்களில் நானும் ஒருத்தன் என்று அங்கே எல்லார் முன்னாலும் சொல்லுவேன்.

உன்னைப் பெற்ற
நைனா