மோட்டார் போட மறந்த நாள்

மார்ச் 4

இன்றும் திரையில், லேசரின் நிறத்தைக் காட்டும் கோட்டில், அதே மொட்டை மேடு. வெள்ளைப் பொடியும் சாயமும் கலந்து மாத்திரையாக அழுத்தி, பச்சை லேசரால் விட்டு விட்டு அடிக்கிறேன். உள்ளே போன ஒளி பொடியில் முட்டி மோதித் திரிந்து, கண்ணாடியே இல்லாமல் சிவப்பு லேசராக வெளியே வருகிறது. இதுவரை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒளி கூடக் கூடக் குணம் மாறும் ஒரு பொருளையும் நான் அதில் சேர்த்திருக்கிறேன். பவரைக் கூட்டினால் லேசரின் நிறம் நகர வேண்டும். ஒரு வருடமாக நகரவில்லை.

மாதக் கடைசியில் என் மேசை அடுத்த குழுவுக்குப் போகிறதாம். "தப்பா நெனச்சுக்காதம்மா" என்றார் பேராசிரியர். வேறு எப்படி நினைப்பதாம்?

மார்ச் 5

எழுதப் பிடிக்கவில்லை.

மார்ச் 9

ஐயோ! மாத்திரையைச் சுழற்றும் மோட்டாரைப் போட மறந்துவிட்டேன். கருகாமலிருக்கச் சுழற்றிக்கொண்டே அளப்பது எங்கள் ஆய்வகத்து வழக்கம். ஏன் என்று நான் கேட்டதே இல்லை. இன்று ஒரே இடத்தில் அடி விழுந்தது — மேட்டைக் காணோம், ஊசி ஊசியாய் முனைகள்! பவரைக் கூட்டினேன், முனைகள் நகர்ந்தன. குறைத்தேன், திரும்பி வந்தன! ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு முனை வரிசை. அத்தனையையும் சுழற்றிச் சுழற்றி நானே ஒன்றாய்க் குழப்பியிருக்கிறேன். மக்கு, மக்கு!

பக்கத்து மேசைக்காரன் எட்டிப் பார்த்தான். யார் குதித்தாலும் தண்ணீர் ஊற்றுவான் என்பதால் அவனுக்கு ஐஸ்கட்டி என்று பெயர். "ஒரே எடத்துல அடிச்சா சூடாகும்ல? சூட்டுக்கும்தான் நகரும்" என்றான். அறையலாம் போலிருந்தது. ஆனால் அவன் கேட்டது சரி.

மார்ச் 10

அக்காவுக்குப் போன் போட்டுக் கொட்டித் தீர்த்தேன். "ஒரு எழவும் புரியலடி. ஆனா நீ இப்படிச் சிரிச்சுப் பேசி எவ்ளோ நாளாச்சு!"

சூடா, ஒளியா? சூடு சேர்ந்து சேர்ந்து ஏறும். ஒளியின் வேலையோ அந்த அடியோடு சரி. அடிக்கு அடி நன்றாக ஆறவிட்டுப் பார்க்க வேண்டும். அப்போது முனை நகரவில்லை என்றால் என் கதை முடிந்தது. ஏன் இப்படிப் பயப்படுகிறேன்?

மார்ச் 11

ஐஸ்கட்டி சாப்பிடக்கூடப் போகாமல் பக்கத்திலேயே நின்றான். ஒரு அடி. ஆறவிட்டோம். இன்னொரு அடி, இன்னும் கொஞ்சம் பவர் — நகர்ந்தது! முந்தாநாள் நகர்ந்த அதே அளவு!

"அந்தப் பொருள் சேக்காத மாத்திரையிலயும் பாத்துரலாம்" என்றான் பாவி. பார்த்தோம். முனைகள் இருந்த இடத்திலேயே நின்றன.

"சரி, ஒத்துக்கறேன்." அவன் வாயிலிருந்தா! ஆய்வகத்துக்குள் குதிக்கக் கூடாது என்று போர்டு இருக்கிறதா என்ன?

மார்ச் 31

காலையில் அடுத்த குழுக்காரர்கள் தள்ளுவண்டியோடு வந்துவிட்டார்கள். பேராசிரியர் என் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே அவர்களிடம், "மேல ஒரு ரூம் சும்மா கெடக்கு, பாருங்க" என்றார்.

பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இன்னும் கொஞ்சம் கூட்டும்மா. அந்த ரெண்டு முனையும் கிட்ட வந்தா என்ன பண்ணுதுன்னு பாப்போம்."

கூட்டினேன்.