அம்மாவுக்குப் பக்கத்தில் விட்ட இடம்

அன்புள்ள அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஹரியின் வணக்கம். நான் சௌக்கியம். அம்மா, முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

"நீதான ஷார்ஜாவுல ஃபோட்டோ வேலை பாக்குற, ஆல்பத்துக்கு நீயே பொறுக்கிக் குடு" என்றீர்கள். தங்கச்சி கல்யாணப் படங்களை மன்னார்புரம் ஸ்டுடியோக்காரர் அனுப்பிவிட்டார். குடும்பப் படம் தவிர எல்லாம் பொறுக்கியாயிற்று.

வராத என்னைப் பிறகு கம்ப்யூட்டரில் சேர்க்கலாம் என்று, அம்மா, உங்கள் பக்கத்தில் இடம் விட்டு எடுத்தது ஒரே படம்தான். அதில் நீங்கள் மட்டும் கேமராவை விட்டுவிட்டு அந்தக் காலி இடத்தையே பார்க்கிறீர்கள். இங்கே வேலையில் இப்படி வந்தால் யோசிக்காமல் தள்ளிவிடுவேன். அடுத்த படத்தில் நேராகப் பார்த்துச் சிரிக்கிறீர்கள். ஆனால் பந்தியிலிருந்து ஓடிவந்த மாமா என் இடத்தில் நின்றுவிட்டார்! தினமும் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்க்கிறேன். எதையும் தள்ள முடியவில்லை.

போனில் சொன்னால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். அதனால்தான் ஊருக்கு வரும் அறை நண்பரிடம் இந்தக் கடிதம். அவர் திரும்பும்போது மணப்பாறை முறுக்கும் என் பட்டுச் சட்டையும் கொடுத்துவிடுங்கள். சட்டை போட்டு இங்கே ஒரு படம் எடுத்து ஸ்டுடியோவுக்கு அனுப்ப வேண்டும்.

அவர் ஏர்போர்ட் போகக் கார் வந்துவிட்டது. நான் எந்தப் பக்கம் பார்த்து நிற்கட்டும், சொல்லுங்கம்மா. கேமராவையா, உங்களையா?

ஹரி