சுடலைமுத்து நெஞ்சில் கேட்ட சத்தம்

விரோதிகிருது, ஐப்பசி 14

காலையிலிருந்து மழை. குடைக்கம்பி மறுபடியும் ஒடிந்தது.

புது நோயாளி: சுடலைமுத்து, தச்சநல்லூர், மாடு பூட்டிக் கிணற்றில் கமலை இறைப்பவன். பல வருட வயிற்றுப்புண். மூன்று நாளாக நெஞ்சுவலி, இடது தோளில் குத்தல். பெரிய டாக்டர் (இனி பெ.டா.) வாசலில் நின்றபடியே பார்த்தார். புது பூட்ஸ், வராந்தாவில் சேறு. "வாயு. சோடா உப்பு கொடும்." இதற்குச் சென்னையில் ஐந்து வருடப் படிப்பு.

ஐப்பசி 15

மழை விடவில்லை. சோடா உப்பில் வலி கூடியதுதான் மிச்சம்.

"அய்யா, கஞ்சி குடிச்சா நெஞ்சுக்குள்ள சலக்கு சலக்குன்னு கேக்கு. கமலைச்சாலு தண்ணியக் கொட்டுத மாதிரி."

பெ.டா. சிரித்தார். நானும். அவர் சிரித்தால் சிரிப்பதும் உதவி டாக்டரின் உத்தியோகத்தில் சேர்த்தி.

பிற்பகல் தனியாக அவன் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டேன். உண்மை. ஒவ்வொரு துடிப்புக்கும் தண்ணீர் அலம்பும் சத்தம். ஒரு மடக்குத் தண்ணீர் கொடுத்தேன், கூடியது. புண் மேலே துளைத்துக்கொண்டு போய் இதயத்தின் உறைக்குள் வழி திறந்திருக்கிறது. படித்ததுண்டு, பார்த்ததில்லை. வாயில் ஒன்றும் கொடுக்கக் கூடாது. உறையைத் திறந்து வடிக்க வேண்டும், உடனே.

நோய்ச்சீட்டில் பெ.டா. சொல்வதை மட்டுமே எழுதலாம். இங்கே அதுதான் வழக்கம். வாயால் சொல்லலாம். சொல்லவில்லை. 17-ம் தேதி ஜில்லா சர்ஜன் வருகிறார். அதுவரை வாயு என்றே இந்த மடையர் சொல்லிக்கொண்டிருக்கட்டும். சர்ஜன் முன்னால் நான் எடுத்துச் சொல்லும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும்.

ஐப்பசி 16

வாங்க வேண்டியது: மை, விளக்குத்திரி, கருப்பட்டி.

சுடலைமுத்துவின் பெண்டாட்டி இசக்கியம்மாள் தூக்குச்சட்டியோடு வந்தாள். "கொஞ்சம் கஞ்சி குடுக்கட்டுமாய்யா? பசிக்குன்னு சொல்லுதாவ."

வேண்டாம் என்றால் ஏன் என்பாள். பெ.டா. காதுக்குப் போகும். கொடு என்றேன்.

ஐப்பசி 17

வெயில். விடியும்போது போய்விட்டான். மாரடைப்பு என்றார் பெ.டா.

அறுத்துப் பார்க்கச் சொன்னார் ஜில்லா சர்ஜன். இசக்கியம்மாளிடம் கைநாட்டு வாங்கியது நான். அறுத்ததும் நான். பெ.டா. மூக்கில் கைக்குட்டை. இதய உறைக்குள் கஞ்சி, பருக்கையோடு. இரைப்பைக்கும் அதற்கும் நடுவே விரல் நுழையும் ஓட்டை.

பெ.டா. முகம் வெளுத்தது. ஆசைப்பட்டதைப் பார்த்தாயிற்று. என்னைவிட அந்த பூட்ஸ்காரர் மேல். அவருக்கு நோய் தெரியாது.

உயிரோடிருந்தபோது ஒருவருமே குழல் வைத்துக் கேட்கவில்லையா என்றார் சர்ஜன். இல்லை என்றேன்.

வாசலில் வண்டிக்குக் காத்திருந்த இசக்கியம்மாள் என்னைக் கண்டதும் எழுந்து கும்பிட்டாள். "நேத்து வயிறாரக் குடிச்சாவய்யா. நீங்க குடுக்கச் சொன்னிய. அந்தப் பெரிய டாக்டர்னா விட்டிருப்பாரா."